பிளவர்ஸ் ஃபிரம் த ஸ்டார்ம்: புதினமும் வாசகர் கருத்துகளும்

பிளவர்ஸ் ஃபிரம் த ஸ்டார்ம் என்பது அமெரிக்க எழுத்தாளர் லாரா கின்சேல் எழுதி 1992இல் வெளிவந்த ஆங்கில வரலாற்றுக் காதல் புதினம் ஆகும். தலைப்பைப் ‘புயல் தந்த மலர்கள்’ எனத் தமிழில் சொல்லலாம். கதை 1827ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடக்கிறது. பக்கவாதத்தால் பேச்சை இழந்த ஒரு கோமகன், அவனைப் பராமரிக்கும் குவேக்கர் சமயப் பெண், பார்வையற்ற கணித அறிஞரான அவளுடைய தந்தை ஆகிய மூவரும் இதன் முதன்மைப் பாத்திரங்கள். வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்தும், இவ்வகைப் புதினங்களின் வாசகர்கள் தமக்குள் தயாரித்துக்கொள்ளும் சிறந்த நூல்களின் பட்டியல்களில் இது தொடர்ந்து முன்வரிசையில் இடம்பெற்று வருகிறது. இதைப் பாதியிலேயே மூடிவைத்தவர்களும் குறைவில்லை. இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒரே பக்கங்களைச் சுட்டித்தான் வாதிடுகிறார்கள் என்பது இந்நூலின் தனித்தன்மை.

கதைச் சுருக்கம்

ஜெர்வோ கோமகனான கிறிஸ்டியன் லாங்லண்ட் செல்வமும் கேளிக்கையும் நிறைந்த வாழ்க்கை வாழ்பவன். ஆனால் தேர்ந்த கணித அறிஞனும்கூட. ஜான் டிம்ஸ் என்ற பார்வையற்ற குவேக்கர் அறிஞருடன் சேர்ந்து கணித ஆய்வு செய்கிறான். தந்தைக்கு எழுத்துப்பணி செய்து உதவும் மகள் மேடி, சொன்ன நாளில் கணக்குகளை அனுப்பாத இந்தக் கோமகனை மதிப்பதில்லை. ஆய்வு அவையில் அரங்கேறிப் பாராட்டுப் பெற்ற மறுநாள் காலை, வேறொருவரின் மனைவியுடனான தொடர்பால் மூண்ட துப்பாக்கிச் சண்டையில் கிறிஸ்டியன் நிலைகுலைந்து விழுகிறான். அவன் இறந்துவிட்டதாகவே மேடியும் தந்தையும் நம்புகிறார்கள்.

உண்மையில் அவனுக்கு வந்தது பக்கவாதம். சொற்கள் வாயில் வரவில்லை. பிறர் சொல்வதும் சிதைந்தே காதில் விழுகிறது. ஆத்திரத்தில் அவன் கைகலப்பில் இறங்க, குடும்பத்தார் பைத்தியம் என்று முடிவுகட்டி, செல்வர்களுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் காப்பகத்தை நடத்துபவர் மேடியின் உறவினர். அங்கே உதவிக்கு வரும் மேடி, கட்டிவைக்கப்பட்ட நோயாளிகளிடையே கோமகனைக் கண்டு, அவனுக்குப் பைத்தியமில்லை, பேச்சு மட்டுமே போயிருக்கிறது என்று உணர்கிறாள். அவனைப் பராமரிக்கும் பணி தனக்கு இறைவனால் இடப்பட்டது என்றும் நம்புகிறாள். அதன்பின் நீதி விசாரணை, தப்பித்தல், அவசரத் திருமணம், கடன்காரர்கள், குவேக்கர் சமூகத்தின் கண்டனம் என்று கதை நீள்கிறது.

பேச்சிழப்பைக் காட்டும் முறை

வாசகர்கள் அதிகம் பேசுவது கின்சேல் கையாண்ட மொழியைப் பற்றித்தான். காப்பகக் காட்சிகள் பலவும் கிறிஸ்டியனின் மனத்துக்குள்ளிருந்து சொல்லப்படுகின்றன. பிறர் பேசும் ஆங்கிலம் எழுத்துகள் குழம்பி, சொற்கள் ஒட்டியும் வெட்டியும் அச்சாகியிருக்கிறது. வாசகரும் ஒரு வரியை இரண்டு மூன்று முறை படித்தே பொருளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவன் வாய்திறந்தால் வருவது ஒற்றைச் சொல், அல்லது நினைத்ததற்குப் பதிலாக வேறொரு சொல். அவனுடைய எண்ணமோ முழுமையாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளிதான் கதையின் வலி.

அஃபேசியா எனப்படும் பேச்சிழப்பின் மருத்துவ இயல்புடன் இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. மூளையின் இடப்பகுதியில் குருதி ஓட்டம் தடைப்பட்டாலோ குருதி கசிந்தாலோ பேச்சும் வலக்கையும் ஒருசேரப் பாதிக்கப்படுவது வழக்கம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதேனும் ஓர் அளவில் பேச்சிழப்பு ஏற்படுகிறது. வாக்கியம் அமைக்க முடியாத ஒருவரால் வசைச்சொல்லைத் தடையின்றிச் சொல்ல முடிவதும், ஒன்று இரண்டு என எண்ண முடிவதும், பழகிய பாட்டைப் பாட முடிவதும் உண்டு. பழக்கத்தால் தானாக வரும் பேச்சு, யோசித்து அமைக்கும் பேச்சைவிட அதிகம் தப்பிப் பிழைக்கிறது. கிறிஸ்டியனுக்கும் வசை எளிதாக வருகிறது. கணிதமும் மிஞ்சியிருக்கிறது. அவன் அறிவு அழியவில்லை என்பதற்குக் கணிதக் குறிகளே மேடிக்குச் சான்றாகின்றன.

1827இல் இந்நிலைக்குப் பெயர் கிடையாது. மூளையின் முன்பகுதிக்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு என்று பிரெஞ்சு மருத்துவர் புய்யோ 1825இல் வாதிட்டார். பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர வேறொன்றும் சொல்ல இயலாத நோயாளியின் மூளையை ஆராய்ந்து பால் புரோக்கா பாரிசில் அறிக்கை அளித்தது 1861இல். அஃபேசியா என்ற பெயரே 1864இல்தான் துருசோவால் வழங்கப்பட்டது. ஆகவே கதையில் மருத்துவரும் குடும்பத்தாரும் தவறாகக் கணிப்பதைக் கொடுமை என்று மட்டும் கொள்ள முடியாது. அறியாமையும் அதில் உண்டு. ஆனாலும் கூர்ந்து நோக்கியவர்களுக்கு வேறுபாடு தெரியாமல் இருந்ததில்லை. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்கு 1783 ஜூன் மாதம் ஓர் இரவில் பேச்சு நின்றுபோனது. தன் அறிவு தன்னிடம் இருக்கிறதா என்று சோதிக்க அவர் உடனே மனத்துக்குள் இலத்தீனில் ஒரு வேண்டுதலைச் செய்யுளாக இயற்றிப் பார்த்தார். அது அவ்வளவு நன்றாக அமையவில்லை என்று தமக்கே தெரிந்ததும் அறிவுக்குக் கேடில்லை என்று தெளிந்தார். ஜான்சன் தமக்குத் தாமே செய்துகொண்ட சோதனையைப் புதினத்தில் மேடி கிறிஸ்டியனுக்காகச் செய்கிறாள்.

குடும்பத்தில் பக்கவாத நோயாளியைக் கவனித்துக்கொண்ட அனுபவமுள்ள வாசகர்கள் இப்பகுதிகளைப் பெரிதும் பாராட்டுகிறார்கள். எதிரே அமர்ந்திருப்பவர் ஒன்றும் புரியாதவர் அல்லர், புரிந்தும் சொல்ல முடியாதவர் என்பதைக் கதை தங்களுக்கு உணர்த்தியதாக அவர்கள் கூறுவதுண்டு. மறுதரப்பினர், ஓய்வு நேரத்தில் படிக்கும் காதல் கதையில் இத்தனை சிதைந்த வரிகள் களைப்பூட்டுகின்றன என்கிறார்கள். களைப்பு உண்மைதான், ஆனால் அதை நீக்கிவிட்டால் இந்நூலில் மிஞ்சுவது வழக்கமான கோமகன் கதை மட்டுமே. குணமடையும் வேகம் மிகை என்ற குறையும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் இயல்பாக நிகழும் முன்னேற்றம் முதல் சில மாதங்களிலேயே அதிகம் என்பதால், கதை நிகழும் காலத்தை நோக்க அந்தக் குறை முழுவதும் பொருந்தாது. முக்கியமாக, கிறிஸ்டியன் முற்றும் குணமாவதில்லை. ஷார்லட் பிராண்டியின் ஜேன் அயரில் (1847) பார்வையிழந்த ராச்செஸ்டருக்கு இறுதியில் ஒரு கண்ணில் ஓரளவு பார்வை திரும்புகிறது. கிறிஸ்டியன் கடைசிப் பக்கம் வரை தடுமாறித்தான் பேசுகிறான்.

‘நீ’ என்னும் சொல்

மேடியின் பேச்சு பல வாசகர்களுக்குத் தடையாக இருந்திருக்கிறது. குவேக்கர்கள் ‘எளிய பேச்சு’ என்ற வழக்கைக் கடைப்பிடித்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மேலோரை ‘யூ’ என்றும், சமமானவரையும் தாழ்ந்தவரையும் ‘தௌ’, ‘தீ’ என்றும் விளிப்பது மரபாக இருந்தது. கடவுள் முன் எல்லோரும் சமம் என்ற குவேக்கர்கள் அரசனையும் ‘தௌ’ என்றே அழைத்தார்கள். பட்டங்களைச் சொல்ல மறுத்தார்கள். யார் முன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. இதற்காக அடியும் சிறையும் பட்டார்கள். 1827க்குள் பொது ஆங்கிலத்தில் ‘யூ’ மட்டுமே நிலைத்துவிட்டதால், அவர்களின் ‘தீ’ வெறும் பழங்காலப் பேச்சாகக் காதில் விழத் தொடங்கியது. இன்றைய ஆங்கில வாசகருக்கும் அது விவிலிய நடையாகவே ஒலிக்கிறது. எரிச்சலுக்குக் காரணமும் இதுவே.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் ஒருபடி முன்னே நிற்கிறார். நீ, நீங்கள் என்ற வேறுபாடு தமிழில் உயிரோடு இருக்கிறது. ஊழியம் செய்யவந்த பெண் ஒருத்தி கோமகனை முதல் சந்திப்பிலேயே ‘நீ’ என்று விளித்தால் அந்த அதிர்ச்சி விளக்கமின்றிப் புரியும். காப்பகத்தில் அவனுடைய பட்டத்தைச் சொல்லிப் பணிந்துகொண்டே அவனைக் கட்டிப்போடுகிறார்கள். பட்டத்தைச் சொல்ல மறுப்பவள்தான் அவனை மனிதனாக நடத்துகிறாள். ஆங்கில வாசகர்கள் பலர் தவறவிடும் இந்த முரண், நல்ல தமிழ் மொழிபெயர்ப்பில் எளிதாகத் துலங்கும்.

மேடி மீதான குற்றச்சாட்டுகள்

நாயகனைக் கொண்டாடுவோரும் நாயகியைக் கடிந்துகொள்வது இந்நூல் பற்றிய கருத்துகளில் வழக்கம். மேடி பிடிவாதக்காரி, எப்போதும் நீதி போதிக்கிறாள், காதலித்தும் விட்டுப்போகப் பார்க்கிறாள் என்பன முறையீடுகள். இவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாற்றுச் செய்தி கவனிக்கப்படாமல் போகிறது. அக்காலத்தில் ஒரு குவேக்கர் தம் சமயத்துக்கு வெளியே, பாதிரியார் முன்னிலையில் மணம் முடித்தால் அவரைச் சங்கம் விலக்கிவைக்கும். பிரிட்டனில் இந்த விதி தளர்த்தப்பட்டது 1860 வாக்கில்தான். மேடிக்குச் சங்கம் என்பது வாரம் ஒருமுறை சென்றுவரும் கூடம் மட்டுமல்ல. உறவு, ஆதரவு, தந்தையின் நண்பர்கள், தன் சொல்லுக்கு மதிப்பு எல்லாம் அதுவே. கோமகன் அவளை மணந்ததால் அடைவது பாதுகாப்பு. அவள் இழப்பது ஊர் உலகம். அவள் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைக் கின்சேல் நூலின் பிற்பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்லி நீட்டிவிட்டார் என்ற குறை வேண்டுமானால் பொருந்தும்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றையும் வாசகர்கள் எழுப்புகிறார்கள். பராமரிப்பவளுக்கும் பராமரிக்கப்படுபவனுக்கும் இடையே தோன்றும் காதலில் இசைவு என்பது எது? தொடக்கத்தில் அதிகாரம் மேடியிடம் இருக்கிறது. அவள் கதவைப் பூட்டினால் அவன் கைதி. வெளியே வந்ததும் அதிகாரம் தலைகீழாகிறது. பேச்சு தடுமாறினாலும் அவன் கோமகன்; சூழ்ச்சியும் வற்புறுத்தலும் கலந்தே அவளைத் திருமணத்துக்கு இழுக்கிறான். ஊனமுற்றவனைப் புனிதனாகக் காட்டாததற்காக இதைச் சிலர் மெச்சுகிறார்கள். ஊனம் இருக்கிறது என்பதற்காக அவன் செய்கைகளை மன்னித்துவிடுகிறோமோ என்று வேறு சிலர் கேட்கிறார்கள். முதல் கருத்தில் வலு அதிகம். இரக்கத்துக்கு மட்டும் உரியவனாக அவனை எழுதியிருந்தால் நூல் இன்றுவரை பேசப்பட்டிருக்காது.

அறிவை நிரூபிக்க வேண்டிய கட்டாயம்

கதையின் நடுவே நிற்பது விசாரணை. ஒருவர் சித்தத் தெளிவற்றவர் என்று குடும்பத்தார் முறையிட்டால், லார்டு சான்சலரின் ஆணைப்படி ஆணையர்களும் ஜூரியும் அவரை விசாரிக்கும் நடைமுறை அக்கால இங்கிலாந்தில் இருந்தது. தெளிவற்றவர் என்று தீர்ப்பானால் சொத்தும் உடலும் பிறர் பொறுப்பில் போய்விடும். இது கற்பனை அன்று. போர்ட்ஸ்மத் பிரபுவைப் பற்றி 1823இல் லண்டனில் நடந்த விசாரணையில், அவர் 1809 முதலே சித்தத் தெளிவற்றவர் என்று ஜூரி தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, 1814இல் நடந்திருந்த அவரது திருமணம் 1828இல் செல்லாததாக்கப்பட்டது. பெருஞ்சொத்து உள்ள இடத்தில் வாரிசுகள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள் எல்லோரும் ஒருவரின் மனநிலைமீது அக்கறை கொள்வார்கள் என்பதற்கு அவ்வழக்கு சான்று.

காப்பகத்தின் சித்திரிப்பும் வரலாற்றை ஒட்டியதே. லண்டன் பெத்லெம் மருத்துவமனையில் ஜேம்ஸ் நாரிஸ் என்பவர் பல ஆண்டுகளாகக் கழுத்தோடும் உடலோடும் இரும்பில் பிணைக்கப்பட்டிருந்தது 1814இல் வெளிச்சத்துக்கு வந்து நாடாளுமன்ற விசாரணைக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. இதற்கு மாற்று வழியைக் காட்டியவர்கள் குவேக்கர்களே. யார்க் நகரக் காப்பகத்தில் ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் பெண் 1790இல் இறந்ததை அடுத்து, வில்லியம் டியூக்கின் முயற்சியால் 1796இல் ‘ரிட்ரீட்’ என்னும் இல்லம் தொடங்கப்பட்டது. சங்கிலிக்குப் பதிலாக அன்பு, ஒழுங்கு, தோட்ட வேலை என்பது அதன் முறை. புதினத்தின் காப்பகமும் இந்தப் புதிய முறையைப் பெருமையாகப் பேசிக்கொள்கிறது; ஆயினும் உத்தரவுக்குப் பணியாதவரைக் கட்டிப்போடத் தயங்குவதில்லை. நல்லெண்ணம் கொண்ட இடத்திலும் நோயாளியின் சொல்லுக்குச் செவி இல்லை என்பதைக் கின்சேல் நன்றாகவே பிடித்திருக்கிறார்.

மாற்றுத்திறனாளர் உரிமை நோக்கில் நூலைப் படிப்பவர்களின் முதன்மையான மறுப்பு இங்கேதான் எழுகிறது. கிறிஸ்டியன் காப்பாற்றப்படுவது ஏன்? அவன் மேதை, கணிதக் குறிகளால் தன் அறிவை நிரூபிக்க முடிகிறது. அப்படி நிரூபிக்க எதுவும் இல்லாத அடுத்த அறை நோயாளியின் கதி என்ன? அவனுக்குக் கட்டுகள் தகும் என்று கதை ஒப்புக்கொள்கிறதா? கிறிஸ்டியன் தவறாக அடைக்கப்பட்டவன் என்பதில் கதை காட்டும் கோபம், சரியாக அடைக்கப்பட்டவர்கள் என்று கருதப்படுவோர் பக்கம் அதே அளவில் திரும்புவதில்லை. அவனுக்கு எதிராக இருந்த செல்வமே அவனைக் காக்கவும் செய்கிறது: மறைந்திருக்கக் கோட்டையும், கடன் கிடைக்கப் பெயரும், துணைக்கு நண்பர்களும் உள்ளனர். இதே பக்கவாதம் கண்ட கூலியாளுக்கு அக்காலத்தில் ஏழையர் விடுதிதான். இந்த மறுப்பு நியாயமானது. காதல் புதினத்தின் சட்டகத்துக்குள் இதற்கு முழு விடை எதிர்பார்ப்பது மிகை என்போரும் உள்ளனர். எனினும் கேள்வியை எழுப்பும் அளவுக்கு நூல் தன் பொருளைக் கனமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த வாதத்தில் அதிகம் இடம்பெறாதவர் ஜான் டிம்ஸ். அவர் பார்வையற்றவர் என்பதைக் கதை ஒரு சோகமாக ஊதிப் பெருக்குவதில்லை. வேலை செய்கிறார், சாப்பிடுகிறார், மகளோடு கருத்து வேறுபடுகிறார். பார்வையற்ற கணித அறிஞர் என்பது நம்ப முடியாததும் அன்று: குழந்தைப் பருவத்தில் அம்மையால் பார்வையிழந்த நிக்கோலஸ் சாண்டர்சன், 1711 முதல் 1739இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த லுக்கேசியப் பேராசிரியர் பதவியில் இருந்தார், துளைப் பலகையில் ஊசிகளைக் குத்தி விரலால் தடவிக் கணக்கிட்டார். பார்வையற்றவரைச் சாந்தமான ஞானியாகக் காட்டும் பழைய வழக்கம் டிம்ஸிடம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் கோமகனைச் சந்தேகக் கண்ணோடு பார்க்காத வெகுசிலரில் அவரும் ஒருவர். உடன் ஆய்வு செய்தவனின் முகத்தை அவர் முன்பும் பார்த்ததில்லை. இப்போதும் அவனுடைய கணக்கையே பார்க்கிறார்.

இறுதிக் காட்சி

குவேக்கர் கூட்டத்தில் யாரும் முன்கூட்டி எழுதிவைத்து உரையாற்றுவதில்லை. எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவல் பெற்றவர் எழுந்து பேசுவார். மேடி தன் திருமணத்தைத் துறந்து அறிக்கை தரவிருக்கும் கூட்டத்துக்குக் கிறிஸ்டியன் வந்து, எல்லோர் முன்னும் எழுந்து, உடைந்த சொற்களால் பேசுகிறான். விசாரணையில் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றவன், அவசரப்படுத்தாமல் காத்திருக்கும் சபையில் பேசி முடிக்கிறான். நூலைப் பிடிக்காதவர்களும் இந்தக் காட்சியை விலக்கிப் பேசுவது அரிது.

இக்காட்சியைப் பற்றிய கருத்துகளில் நிக்கோலஸ் போல்ட்டன் வாசித்த ஒலிநூலும் அடிக்கடி குறிப்பிடப்படுகிறது. அச்சில் சிதைந்த எழுத்துகளாகத் தடுத்த பகுதிகள் குரலில் தடுமாற்றமாகவும் மூச்சாகவும் நீண்ட இடைவெளியாகவும் மாறியதால், முன்பு நூலைக் கைவிட்டவர்களில் சிலர் கேட்டு முடித்திருக்கிறார்கள். மேடியின் ‘தீ’யும் காதுக்கு விரைவில் பழகிவிடுகிறது. அச்சு நூலை முதலில் படித்தவர்களோ, அந்தச் சிதைந்த வரிகளைத் தாங்களே கூட்டிப் படித்த உழைப்பு ஒலிநூலில் கிடைக்காது என்கிறார்கள்.